பொக்லைன் கழுவிய தண்ணீரும் கன்னியம்மாவின் மாவும்

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னைத் தேடி வந்தால் முதலில் கேட்பது, "மேஸ்திரி, கிரீஸ் எடுக்க எந்த ஸ்ப்ரே நல்லது?" என்பதுதான். பெயரைச் சொன்ன அடுத்த நிமிடம் செல்போனில் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். எடுத்த கிரீஸ் எங்கே போகும் என்று இதுவரை ஒரு பிள்ளைகூடக் கேட்டதில்லை. துடைத்தவுடன் அது நேராகப் பரலோகம் போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்புகிறீர்கள் போலிருக்கிறது. உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. நாற்பது வருடம் தொழில் பார்த்த பிறகு நானும் அப்படித்தான் நம்பினேன். அந்த நம்பிக்கை என்ன வேலை செய்தது என்பதைச் சொல்கிறேன். டீ குடிக்கிற நேரத்தில் படியுங்கள். வேலை நேரத்தில் படித்துவிட்டு ஓனரிடம் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

என் பெயர் சாமுவேல். திருப்பதியில் ஒரு ஷெட்டில் தொழில் கற்றேன். பிறகு சித்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டிராக்டர், டிப்பர், பொக்லைன் என்று மண்ணில் புரளுகிற வண்டிகளை எல்லாம் பிரித்து மாட்டினேன். வயதாகிவிட்டது என்று ஒருநாள் மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். சித்தூரிலிருந்து வேலூர் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். ஓய்வு பெற்றவன் ஓய்வெடுப்பான் என்று என் மனைவி எஸ்தர் எதிர்பார்த்தாள். நான் வீட்டை ஒட்டிய காலி இடத்தில் வண்டி பார்க்க ஆரம்பித்தேன். ஓய்வு பெற்ற மெக்கானிக் வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருந்தால் ஃபேனைக் கழற்றுவான், மிக்ஸியைக் கழற்றுவான். ஆகையால் அவளும் சரி என்று விட்டுவிட்டாள்.

திருப்பதி ஷெட்டில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மனிதரை நாங்கள் எல்லோரும் வடிகட்டின கஞ்சன் என்று திட்டிக்கொண்டிருந்தோம். எந்த வண்டி வந்தாலும் ஹோஸ் பைப்பைத் தொட விடமாட்டார். முதலில் பட்டைத் தகட்டால் கிரீஸைச் சுரண்ட வேண்டும். பிறகு மரத்தூள் போட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு ஒரு தட்டில் கொஞ்சம் மண்ணெண்ணெய் வைத்துக்கொண்டு பிரஷ்ஷால் கழுவ வேண்டும். அந்த மண்ணெண்ணெயையும் கொட்டக் கூடாது. தெளிய வைத்து மறுநாள் அதிலேயே கழுவ வேண்டும். பக்கத்து ஷெட்டில் டீசலை வாரி அடித்து அரை மணியில் முடிக்கிற வேலையை நாங்கள் அரை நாள் செய்வோம்.

ஒருநாள் நான் அழுக்கு டீசலை வாளியோடு தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டார். "எங்க போவுதுடா இது?" என்றார். சாக்கடைக்கு என்றேன். "சாக்கடை எங்க போவும்?" ஏரிக்கு என்றேன். "ஏரி எங்க போவும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. "நீ சொல்ற வரைக்கும் வாளிய கீழ வெக்காத," என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். கை விட்டுப்போகும்வரை நின்றேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த பாடம், மேஸ்திரி கண்ணில் படாமல் கொட்ட வேண்டும் என்பது. நான் அப்படிப்பட்ட கெட்டிக்காரன் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பின்னால் வரப்போவது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்காது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மிஷன் சபையைச் சேர்ந்தது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன் நான். ஆனாலும் ஆயுத பூஜைக்கு என்னைப்போல ஆவலாகக் காத்திருந்த ஆள் இந்த மாவட்டத்திலேயே இருந்திருக்க மாட்டான். வருடம் முழுவதும் சேறும் கிரீஸுமாக உழைத்த வண்டிகளை எல்லாம் அந்த ஒரு நாளைக்கு முன்னால் புதுப்பெண் மாதிரி ஆக்கிவிட வேண்டும் என்று ஓனர்களுக்கு ஒரு வெறி வரும். பூஜை மறுநாள் என்றால் முந்தின நாள் என் வீட்டு வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். எந்த ஊரிலும் பாருங்கள், அந்த நாளில் வண்டிகளை வீட்டில்தான் கழுவுகிறார்கள். வீட்டில் எந்த இடத்தில் என்றால் போர்வெல் பக்கத்தில். ஏனென்றால் தண்ணீர் அங்கேதான் இருக்கிறது. குடிக்கிற தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் டீசலைக் கொட்டிவிட்டு, அந்தக் கையோடு வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டு, நல்லா வைம்மா என்று கேட்கிறோம். அந்த அம்மாவும் எவ்வளவுதான் பொறுத்துக்கொள்வாள்.

அந்த வருடம் முனிரத்தினம் என்பவர் தன் பொக்லைனைக் கொண்டுவந்தார். மாங்கூழ் ஃபேக்டரி ஒன்றில் குழி வெட்டி முடித்து வந்த வண்டி. மண்ணும் கிரீஸும் மாம்பழச் சக்கையும் சேர்ந்து கை தடிமனுக்கு அப்பியிருந்தன.

"அண்ணா, பூஜைக்கு வண்டி தகதகன்னு மின்னணும். ஊரே பாத்து வயிறெரியணும்," என்றார் முனிரத்தினம்.

"எரிய வெச்சிட்டா போச்சு," என்றேன்.

சுரண்டி, தூள் போட்டு, தட்டில் கழுவ இரண்டு நாள் ஆகும். எனக்கு இருந்தது ஒரு மத்தியானம். கம்ப்ரசரைப் போட்டு டீசல் அடிப்பது என்று முடிவு செய்தேன். ஆனால் முந்தின வருடம் இப்படி அடித்த கறுப்புத் தண்ணீர் பக்கத்து நெல் வயலுக்குள் போய், வயல்காரர் வாசலில் வந்து நின்று தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறி என் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போயிருந்தார். அதனால் இந்த முறை வயலுக்கும் ஒரு சொட்டு போகக் கூடாது, ரோட்டுக்கும் போகக் கூடாது என்று பொறுப்பாக யோசித்தேன். பிள்ளைகளே, நான் பொறுப்பாக யோசித்தேன் என்பதைக் கவனியுங்கள். யோசிக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு கெட்டுப்போயிருக்காது.

என் காலி இடத்துக்கு அந்தப் பக்கம் கன்னியம்மாவின் வீடு. இட்லி மாவு ஆட்டி விற்கிறவள். எங்கள் ஊரில் பாதி வீட்டுக்கும், சித்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இரண்டு டிபன் கடைக்கும் அவள் மாவுதான். அவள் வீட்டில் இரண்டு போர் போட்டு இரண்டிலும் வெறும் புழுதி வந்தது. மூன்றாவதில்தான் தண்ணீர் கிடைத்தது. அந்தத் தண்ணீர் வற்றாமல் இருக்க, சர்க்காரின் நூறு நாள் வேலையில் போரைச் சுற்றி ஒரு குழி வெட்டிக் கொடுத்திருந்தார்கள். மழைத் தண்ணீர் அதில் இறங்கி நேராக போருக்குப் போகும். எங்கள் பக்கம் தெலுங்கில் அதை இங்குடு குண்டா என்பார்கள். அடியில் பெரிய கல், மேலே ஜல்லி, அதற்கு மேலே கூழாங்கல், மணல் என்று அழகாக அடுக்கியிருந்தார்கள்.

அந்தக் கூழாங்கல்லைப் பார்த்ததும் என் நாற்பது வருட அனுபவம் பேசியது. இது ஃபில்டர் என்றது. ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் என்று ஆயுள் முழுக்க ஃபில்டர் மாற்றியவனுக்கு, அடுக்கி வைத்த கல்லைப் பார்த்தாலும் ஃபில்டராகத்தான் தெரியும். மேலே அழுக்கு நின்றுவிடும், கீழே சுத்தமான தண்ணீர் இறங்கும், கன்னியம்மாவுக்கும் தண்ணீர் சேரும் என்று கணக்குப் போட்டேன். கன்னியம்மா டிபன் கடைக்கு மாவு கொடுக்கப் போயிருந்த நேரத்தில், முனிரத்தினத்தின் பொக்லைனைக் கொண்டே வண்டி கழுவும் இடத்திலிருந்து அந்தக் குழிவரை ஒரு சின்ன வாய்க்கால் இழுத்தேன். டீசல் அடித்தேன். அது போதாதென்று இரண்டு பாக்கெட் சோப்புத் தூளைக் கரைத்து ஊற்றினேன். சோப்பு எண்ணெயை ஒழித்துவிடும் என்று நினைக்கிறவர்கள் கை தூக்குங்கள். சோப்பு எண்ணெயை ஒழிப்பதில்லை. தானாக நகராமல் கிடக்கும் எண்ணெய்க்கு டிக்கெட் எடுத்து பஸ் ஏற்றி அனுப்பிவைக்கிறது.

குழி எல்லாத் தண்ணீரையும் குடித்தது. வாய்க்காலை மண் தள்ளி மூடினேன். தரையில் ஒரு கறை இல்லை. வயல்காரர் வந்து பார்த்துவிட்டு, சொல்ல ஒன்றும் இல்லாத வருத்தத்தோடு திரும்பிப் போனார். முனிரத்தினம் வண்டிக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, எனக்கும் பொரி கடலை கொடுத்தார். அன்றைக்கு என்னைவிடச் சுத்தமான மெக்கானிக் ஆந்திராவில் இல்லை என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

ஒரு வாரம் கழித்து நல்ல மழை பிடித்தது. அதற்குப் பிறகு மூன்று நான்கு நாள் இருக்கும், கன்னியம்மா வேலிப் பக்கம் வந்து கூப்பிட்டாள்.

"அண்ணா, கொஞ்சம் வந்து கிரைண்டர பாக்கறீங்களா? மாவுல ஆயில் நாத்தம் அடிக்குதுன்றாங்க. டிபன் கடக்காரரு ரெண்டு டப்பாவ அப்பிடியே திருப்பி அனுப்பிட்டாரு."

போய்ப் பார்த்தேன். கிரைண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, மோட்டாரைக் கழற்றினேன். எண்ணெய்க் கசிவு துளிகூட இல்லை. டீசலிலேயே ஊறின என் மூக்குக்கு எந்த நாற்றமும் தெரியாது. அது செத்து வருடக் கணக்காகிவிட்டது. ஆனால் கண் சாகவில்லை. குழவியைக் கழுவ அவள் ஒரு அலுமினியக் குண்டானில் போர்த் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் விழுந்தது. தண்ணீர்மேல் மெலிதாக ஏழு நிறமும் ஓடிக்கொண்டிருந்தன. எத்தனையோ ஷெட்டின் வாசலில், எத்தனையோ மழைக்குப் பிறகு பார்த்த நிறம். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நொடி போதுமானதாக இருந்தது.

இங்கேதான் கவனமாகப் படிக்க வேண்டும். தவறு செய்வது தொழிலில் சகஜம். பிரேக் லைனை மாற்றி மாட்டியவன், ஆயில் ஊற்றாமல் இன்ஜினை ஓட்டியவன் என்று எல்லோரும் உண்டு. ஆனால் தவறு கண்ணுக்குத் தெரிந்த அந்த நிமிடத்தில் வாய் என்ன சொல்கிறது என்பதுதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். என் வாய் சொன்னது இது:

"சீல் போயிருக்கும்மா. புதுசு மாத்திடறேன்."

மாற்றினேன். எண்ணெய் கசியாமல் தடுக்கிற, நன்றாக இருந்த ரப்பர் சீலை எடுத்துவிட்டு நன்றாக இருக்கும் இன்னொரு சீலைப் போட்டேன். "நீங்க இல்லன்னா நான் இன்னா பண்ணுவேன் அண்ணா," என்றாள் கன்னியம்மா. எனக்கு ஒரு டம்ளர் மோரும் கொடுத்தாள். குடித்தேன். அது எந்தத் தண்ணீரில் கலந்த மோர் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த ஒரு தண்டனையோடு விஷயம் முடிந்தது என்று வைத்துக்கொள்ள எனக்கு ஆசையாக இருந்தது.

வீட்டில் எஸ்தரிடம் மட்டும் சொன்னேன். நாங்கள் குடிப்பது இருபது லிட்டர் கேன் தண்ணீர். அதனால் எங்களுக்கு ஒன்றுமில்லை என்றும் சொன்னேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

"நமக்கு ஒண்ணியும் இல்ல," என்று அவள் திருப்பிச் சொன்னாள். "பைபிள்ல எந்த அதிகாரத்துல கீது இது?"

நான் இன்னும் இரண்டு மழை பெய்தால் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும் என்றேன். அது எப்படிப் போகும், எங்கே போகும் என்று அவள் கேட்டாள். திருப்பதி மேஸ்திரியிடம் தப்பித்தவன் சொந்த ஊரில் வீட்டுக்காரியிடம் மாட்டிக்கொண்டேன்.

மாவு நாறிக்கொண்டேதான் இருந்தது. சீல் மாற்றியும் சரியாகவில்லை என்பதால் ஊர் புதுசாகக் காரணம் கண்டுபிடிக்கத் தொடங்கியது. அரிசி ரேஷன் அரிசி என்றார்கள். பிறகு பாத்திரம் சரியாகக் கழுவுவதில்லை என்றார்கள். கடைசியில், எந்த ஊரிலும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் கிடைக்காதபோது சொல்வதைச் சொன்னார்கள். அவள் கை சுத்தமில்லை என்றார்கள். மூன்று வாரத்தில் ஊர் வாடிக்கை பாதிக்குமேல் போய்விட்டது. இரண்டு டிபன் கடைகளில் ஒன்று மொத்தமாக நிறுத்திவிட்டது.

இதற்குள் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. அன்றைக்குக் காலை ஆராதனை முடிந்ததும் வந்தவர்கள் அத்தனை பேருக்கும் இட்லி சாம்பார் போடுவது வழக்கம். எத்தனையோ வருடமாக அதற்கு மாவு கன்னியம்மாதான் ஆட்டுவாள். அவள் கோயிலுக்குப் போகிறவள், நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். இட்லியில் அந்த வித்தியாசம் தெரிந்ததில்லை. இவ்வளவு பெரிய ஆர்டர் வருடத்தில் அவளுக்கு அது ஒன்றுதான். அது கை நழுவினால் மிச்ச ஊரும் நழுவிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பண்டிகைக் கமிட்டியில் நானும் ஒருவன். கூட்டத்தில் செயலாளர் சொன்னார்: "கன்னியம்மா மாவு வேணாம். போன வாரம் எங்க வீட்ல குழந்த துன்னுட்டு வாந்தி எடுத்துச்சு. பலமனேர்ல ஒருத்தர் கீறாரு, வேன்ல அனுப்பிடுவாரு."

ஒருவர் அவள் பாத்திரம் கழுவுவதைப் பற்றிச் சொன்னார். இன்னொருவர் அவள் கையைப் பற்றிச் சொன்னார். போதகர் என்னைப் பார்த்தார். "நீங்க பக்கத்து வீடு. நீங்க இன்னா சொல்றீங்க?"

எட்டு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹைட்ராலிக் ஜாக் நழுவி டிப்பர் பெட்டி இறங்கி வரும்போதுகூட நான் பதறியதில்லை; என்ன செய்ய வேண்டும் என்று கை தானாகச் செய்துவிடும். அன்றைக்கு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான். "கமிட்டி எப்பிடி முடிவு பண்ணாலும் சரி," என்றேன். கமிட்டி முடிவு பண்ணியது. அந்த முடிவைப் போய்க் கன்னியம்மாவிடம் சொல்கிற பொறுப்பையும், பக்கத்து வீடு என்பதால் என்னிடமே கொடுத்தது. கர்த்தருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு உண்டு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் போனேன். கன்னியம்மா வாசலில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். பண்டிகைக்கு என்று முன்கூட்டியே வாங்கிவைத்த உளுந்து. நான் சொல்வதற்கு முன் அவளே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"இந்த வருஷம் வேணாம்ட்டாங்களா?"

"ஆமாம்மா. கமிட்டில…"

"சரி அண்ணா." முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள். "நீங்க மெய்யாலுமே சொல்லுங்க. என் கை நாறுதா?"

பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்து வெடித்திருந்தது. உள்ளங்கை ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

"ஒரு நாளைக்கு பத்து வாட்டி சோப்பு போட்டுக்கினு கீறேன். பிளீச்சிங் பவுடர் கூட போட்டு பாத்துட்டேன். அப்பவும் நாத்தம் போவலன்றாங்க. எனக்கே என் கைய மோந்து பாத்தா நாறுற மாதிரி கீது. நேத்து என் பொண்ணு திருப்பதில இருந்து வந்தா. அவளுக்கு சோறு பெசைஞ்சு குடுக்க பயமா கீது அண்ணா. ஸ்பூன்ல போட்டுக் குடுத்தேன்."

பிள்ளைகளே, எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு முந்தின மூன்று வாரம் நான் வெட்கமே இல்லாமல்தான் இருந்தேன். வாசலிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொக்லைன், டீசல், சோப்புத் தூள், வாய்க்கால், கூழாங்கல். சீல் நன்றாக இருந்தது என்பதையும், கமிட்டியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். நான் முடித்த பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்போ என் கை சரியாத்தான் கீதா?"

"உன் கையில ஒண்ணியும் இல்லம்மா."

அவள் தன் கையை முகத்துக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். அதன் பிறகுதான் எழுந்து என்னைத் திட்ட ஆரம்பித்தாள். அதுவரை எனக்குத் தெரியாத சொற்கள் சிலவும் அதில் இருந்தன. நான் மட்டும் கேட்கவில்லை, தெருவே கேட்டது. மூச்சு வாங்கிய பிறகு சொன்னாள்: "எங்கிட்ட சொன்னா போதாது. நீ சும்மா கேட்டுக்கினு குந்தியிருந்தியே அந்த எடத்துல போய் சொல்லு." அண்ணா போய் நீ ஆகிவிட்டது. அதுவே எனக்கு அதிக மரியாதை என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்கிற நேரம் ஒன்று உண்டு. வியாதி குணமானவர்கள், பிள்ளைக்கு வேலை கிடைத்தவர்கள் எழுந்து நன்றி சொல்வார்கள். நான் எழுந்து, கன்னியம்மாவின் கையில் ஒன்றும் இல்லை, அவள் போரைக் கெடுத்தது நான், தெரிந்துகொண்டே மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தவனும் நான் என்று சொன்னேன். சொல்லி முடித்ததும் என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? முதலில் யாரோ கை தட்டினார்கள். வெளியே வந்ததும் வரிசையாக வந்து என் கையைக் குலுக்கினார்கள். இந்தக் காலத்தில் இப்படி உண்மையைச் சொல்ல யாருக்கு மனசு வரும் என்றார்கள். செயலாளர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கன்னியம்மாவின் ஆர்டர் என்ன ஆச்சு என்று அவரைக் கேட்டேன். "அதான் பலமனேருக்கு சொல்லியாச்சே அண்ணா, இனிமே எப்பிடி மாத்தறது," என்றார். தவறு செய்தவனுக்குப் பாராட்டும், தவறே செய்யாதவளுக்குக் கை விரிப்பும் ஒரே காலையில் கிடைத்தன. எஸ்தர் மட்டும் என் கையைக் குலுக்கவில்லை. "துட்டு குடுத்து டேங்கர் தண்ணி சொல்லு," என்றாள்.

அதற்கடுத்து நடந்தவை வேலைகள். டேங்கர் வந்தது. குழியில் இருந்த கல், ஜல்லி, மணல், அதற்குக் கீழே ஓர் ஆள் உயரத்துக்கு இருந்த கறுத்த மண் எல்லாவற்றையும் நானே வெட்டி எடுத்தேன். முனிரத்தினம் பொக்லைனை அனுப்புகிறேன் என்றார். அந்த வண்டி இன்னொரு முறை அங்கே வர வேண்டாம் என்று கடப்பாரையாலேயே வெட்டினேன். எடுத்த மண்ணைத் தார்ப்பாயில் கொட்டி, மழை படாமல் மூடி, எண்ணெய்க் கழிவு எடுக்க லைசென்ஸ் உள்ளவர்கள் வண்டி கொண்டுவரும்வரை காத்திருந்தேன். ஒரு மத்தியானத்தில் ஊற்றியதை எடுக்க இரண்டு மாதம் ஆனது. போர்த் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். கிராம சச்சிவாலயம் என்கிற எங்கள் ஊர் அரசு அலுவலகத்தில் இருந்து வந்த இன்ஜினியர் பெண் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ஈ நீள்ளு தாகொத்தண்டி," என்றாள். இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று அர்த்தம். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அந்தப் பெண் போர் பைப்பின்மேல் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

இப்போது நான் எந்த வண்டியைத் தொட்டாலும் கஞ்சன்தான். முதலில் தார்ப்பாய், அதன் நான்கு ஓரத்திலும் உள்ளே மணல் மூட்டை வைத்து உயர்த்திக் கட்டியிருப்பேன். தண்ணீர் கடைசியில்தான் வரும், அதுவும் வெறும் மண்ணைக் கழுவ மட்டும். எண்ணெய் பட்ட தூளும் துணியும் மூடி போட்ட டிரம்முக்குப் போகும். பூஜைக்கு முந்தின நாள் வண்டியோடு வருகிறவரை ஒரு வாரம் முன்னால் வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன். பாதிப் பேர் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். போகட்டும். உங்களிடம்தான் வருவார்கள். வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பதற்கு முன் ஒரு தடவை தரையைச் சுற்றி வந்து பாருங்கள். கிணறு எங்கே, போர் எங்கே, குழி எங்கே, சரிவு எந்தப் பக்கம், அந்தப் பக்கத்தில் யார் வீடு என்று கேளுங்கள். ஓனர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

கன்னியம்மா இப்போது பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில் மாவு ஆட்டுகிறாள். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். வராத நாளில் நான் டிராக்டரில் டிரம் ஏற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து ஊரில் தண்ணீர் பிடித்து வருகிறேன். வாடிக்கை பாதி திரும்பியிருக்கிறது. ஒரு டிபன் கடை திரும்பவில்லை. என்னோடு பேசுவாள், தேவைக்கு மட்டும்.

சென்ற மாதம் கூப்பிட்டு அனுப்பினாள். போனேன். போருக்குள் இருந்த சப்மெர்சிபிள் மோட்டாரை ஆள் வைத்து மேலே எடுத்து வாசலில் போட்டிருந்தாள். இரண்டு போர் பொய்த்த பிறகு வந்த தண்ணீருக்கு, கடன்பட்டு வாங்கிய மோட்டார்.

"கொழந்தைங்க வெளையாடற எடம். எவனாச்சும் தெரியாம தண்ணி எடுத்து குடிச்சிடப் போறான். மூடிடு," என்றாள்.

வெல்டிங் மெஷினை இழுத்துக்கொண்டு வந்தேன். நல்ல தடிமனான தகடு ஒன்றை வட்டமாக வெட்டி, போர் பைப்பின் வாயில் வைத்துச் சுற்றிலும் பற்ற வைத்தேன். என் வேலையில் எப்போதும் ஒரு சின்ன ஓட்டை விட்டுப்போகும் என்று ஒர்க்‌ஷாப்பில் கேலி செய்வார்கள். இதில் விடவில்லை. கன்னியம்மா முடியும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தாள். சூடு ஆறியதும் அந்தத் தகட்டின்மேல் கையை வைத்துத் தடவினாள். விரல் இடுக்கில் தோல் நன்றாக ஆறியிருந்தது.